பஞ்சுக்கையும் தையல் நூலும்

குதிரை லாயத்தில் அவரைப் பஞ்சுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். சவாரி கற்க வருகிறவர்களிடம் முதலாளி அவர் கையைத்தான் காட்டுவார். அவர் முழங்கை விலாவை விட்டு அகலாது. குதிரையின் தலை ஆடினால் விரல்களும் கடிவாள வாரைப் பிடித்தபடி கூடவே போய் வரும். இருபத்திரண்டு வருடப் பெயர். மனிதருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அது இல்லாதிருந்தால் இந்தக் கதையே இல்லை.

திங்கட்கிழமை காலை, செவலைக் குதிரையின் வாயில் வலது ஓரமாக ஒரு புண்ணைப் பார்த்தார். கடிவாள இரும்பு அழுத்திய புண். யாரோ வாரை முரட்டுத்தனமாக இழுத்திருக்கிறார்கள். செவலை மேல் ஏறுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருத்தி மூன்று மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த லாரிக்காரம்மா. பதினைந்து வருடம் லாரி ஓட்டியவள். ஸ்டியரிங்கை மல்லுக்கட்டி வளைத்த கை எப்படி இருக்கும்? அதற்கு மேல் பஞ்சுக்கைக்கு யோசிக்க ஒன்றுமில்லை. அவள் செவலைக்கு கேரட் ஊட்டினால் செய்த தப்பை மறைக்கிறாள் என்றார். ஊட்டாவிட்டால் கல்நெஞ்சுக்காரி என்றார். புண்ணுக்கு மருந்து போட்டு நாலு நாள் குதிரையைச் சும்மா நிறுத்தினார்கள். அதற்குள் முதலாளியிடம் போட்டுக் கொடுத்தும் விட்டார்.

"நிச்சயமாத் தெரியுமாண்ணே?"

"எனக்குத் தெரியாதா சார்?"

"அப்ப சனிக்கிழமையோட அனுப்பிடலாம்."

வீட்டிலும் அவருக்குச் சந்தேகம்தான். இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் கைக்குள்ளேயே நொறுங்கின. கடைக்காரன் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டான் என்றார். பீரோ கைப்பிடி கையோடு வந்தது, தச்சனைத் திட்டினார். இரண்டு மாதமாக மனைவி அவருக்கு மட்டும் எவர்சில்வர் தம்ளரில் டீ கொடுத்தாள். ஏன் என்று கேட்டால், "இதுலதான் சூடு நிக்கும்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். இவள் எதையோ மறைக்கிறாள் என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை புண் ஆறியிருந்தது. கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். மனைவியின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து வந்து, வாரின் இரண்டு முனைகளையும் கடிவாள வளையங்களோடு அந்த நூலாலேயே கட்டினார். இழுத்தால் அறுந்துவிடும். வேலி போட்ட மைதானம் என்பதால் குதிரை எங்கும் ஓடிவிடாது.

லாரிக்காரம்மா ஏறினாள். நடக்க வைத்தாள், ஓட வைத்தாள், இரண்டு பக்கமும் திருப்பி நிறுத்தினாள். நூல் அப்படியே இருந்தது.

தான் பார்ப்பதால் நடிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. "இறங்கும்மா, நான் காட்டுறேன்" என்று தானே ஏறினார். முதல் திருப்பத்திலேயே வலது நூல் பட்டென்று அறுந்தது. நூல் மட்டம் என்றார். இரட்டையாக்கிக் கட்டினார். அதுவும் அறுந்தது. செவலை காதைப் பின்னால் மடக்கிக்கொண்டது.

அப்போதுதான் தன் வலது கையைக் குனிந்து பார்த்தார். தளர்வாகப் பிடித்திருப்பதாகத்தான் நினைத்திருந்தார். முஷ்டி இறுகி நகங்கள் வெளுத்திருந்தன.

லாரிக்காரம்மா வேலியருகே வந்தாள். "விரல் மரத்துப்போகுதாண்ணே? எங்க லாரி ஷெட்ல ஒருத்தருக்கு இப்படித்தான். எவ்வளவு இறுக்கிப் புடிக்கிறோம்னு அவருக்கே தெரியாது."

அவருக்கு அழுகை வந்தது. செவலை வாய் திறந்து சொல்லவா முடியும்? நேராக முதலாளியிடம் போனார்.

"புண்ணு என் கையால வந்தது சார். அந்தம்மா மேல தப்பில்ல."

முதலாளி சிரித்தார். "அவங்க வேலை போயிடும்னு பழிய நீங்க ஏத்துக்கிறீங்க. உங்க கை எனக்குத் தெரியாதாண்ணே?"

இருபத்திரண்டு வருடப் பெயர் குறுக்கே வந்து நின்றது. வேறு வழியில்லை. முதலாளியை மைதானத்துக்கு அழைத்து வந்து, மறுபடி நூல் கட்டி, எல்லோர் முன்னாலும் ஏறினார். அறுந்ததும் இறங்கி, வாரை லாரிக்காரம்மாவிடம் கொடுத்தார்.

"உன்னைத்தான் சொல்லியிருந்தேன்மா" என்றார்.

"தெரியும்ணே" என்றாள் அவள்.

அன்று மாலை, எனக்கு மட்டும் ஏன் எவர்சில்வர் என்ற இவர் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயோ என்னவோ, மனைவி கண்ணாடித் தம்ளரில் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"எவர்சில்வர்லயே குடு" என்றார்.

அவள் எவர்சில்வர் தம்ளரை எடுத்து, டீயை அதில் மாற்றி ஊற்றினாள்.