நான் பாடாத வரி

துணி துவைக்கும்போதுதான் எனக்குப் பாட்டு வரும். மகளின் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தமே தாளம். போனில் பதிந்து என் சேனலில் அப்படியே போட்டுவிடுவேன். குழாய்த் தண்ணீர் விழுவதும் சேர்ந்து கேட்கும். மற்ற எதையும் நாலு பேரைக் கேட்டுத்தான் செய்வேன், செய்த பிறகும் சரிதானா என்று குழம்புவேன். பாட்டில் மட்டும் ஒரு பிடிவாதம்: எனக்கு உண்மை என்று தோன்றாததைப் பாட மாட்டேன்.

மகளுக்குக் காது குத்த நாள் குறித்ததும் தூக்கம் போனது. சீழ் பிடிக்குமா, காய்ச்சல் வருமா என்று போனில் தேடித் தேடிப் பயந்தேன். அந்தப் பயத்தில் ஒரு தாலாட்டு வந்தது.

‘வலிக்கும் கண்ணு, பொய் சொல்ல மாட்டேன்
அழுது முடி, அம்மா இங்கதான்.’

அதைச் சேனலில் போட்டபோது எங்கள் வீட்டில் முதலில் கேட்டது அண்ணன்தான்.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், குலதெய்வக் கோயிலில் விசேஷம். தாய்மாமனான அண்ணன் சீர்த்தட்டுகளோடு ஊர்வலமாக வந்தார். கிடா வெட்டிய இடத்தில் ஈ மொய்த்தது. அந்த வாடையோடு பிரியாணி மசாலா வாடையும் கலந்து வந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மகள் அண்ணன் மடியில் உட்கார்ந்திருந்தாள். காது குத்தும் பத்தர் கம்மலைக் கையில் எடுத்ததும் ஸ்பீக்கர் பாக்ஸில் என் குரல் அலறியது.

என் தாலாட்டுதான். அதற்கு அடியில் டிரம் செட் தாளம்.

‘வலிக்காது கண்ணு, மாமன் மடியிது
சிங்கம் போல மாமன் இங்கதான்.’

அந்த வரியை நான் பாடியதே இல்லை. ஆனால் மூச்சு வாங்குகிற இடம்கூட என்னுடையதுதான். வேறு யாரோ மென்ற வெற்றிலையை என் வாய்க்குள் திணித்தது போலிருந்தது.

கேமராவோடு நின்ற ஸ்டுடியோக்காரர் சிரித்தார். “உங்க வாய்ஸேதாங்க்கா. சேனல்ல இருந்தத சாப்ட்வேர்ல குடுத்தா அதுவே பாடிடுது. உங்களுக்கு வேலை கம்மி.”

முதல் காதில் குத்தினார்கள். மகள் முகம் நீலம் பாரிக்கக் கத்தினாள். என் குரல் அவளிடம் வலிக்காது, வலிக்காது என்றது.

“அண்ணா, அத நிறுத்தச் சொல்லு.”

“இன்னாம்மா, ஒனக்காகத்தான செஞ்சேன். எல்லாரும் கேட்டுக்கினு இருக்காங்க.”

“அவ வலியில கத்துறா. என் கொரலு வலிக்காதுன்னு சொல்லிக்கினு இருக்குது.”

பாட்டுக்காரிக்கு அவள் பாட்டே பிடிக்கவில்லையாம் என்று பின்னால் என் நாத்தனார் சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். ஆசையாகச் செய்தவரைச் சபையில் அவமானப்படுத்துகிறேனோ என்று ஒரு கணம் தயங்கினேன். பத்தர் அடுத்த காதைத் துடைக்க ஆரம்பித்தார். நானே போய் பாக்ஸின் ஒயரைப் பிடுங்கினேன்.

மகளுக்கு முன்னால் மண்டியிட்டு என் வரியைப் பாடினேன். குரல் பிசிறியது. வலிக்கும் கண்ணு. அவள் என்னைப் பார்த்தாள். பத்தர் குத்தினார். முதல் காதுக்கு அழுத அதே அளவு அழுதாள். ஆனால் என்னைப் பார்த்து அழுதாள்.

அண்ணன் அவளை என் கையில் கொடுத்துவிட்டு, மடியில் சிந்திய சந்தனத்தைத் தட்டிக்கொண்டு எழுந்தார். ஸ்டுடியோக்காரரிடம், “அந்தப் பாட்ட எங்கயும் போடாதப்பா” என்றார்.