கும்பிடு போட்ட மேஜர்

ஒரு வருஷமாக, விடிந்ததும் நாகையா தன் முகத்தைக் கழுவுவதற்கு முன்னால் குதிரையின் காலைத் தொடுவார். எதிரே குந்தி உட்கார்ந்து, புறங்கையைக் குளம்பின்மேல் வைத்துச் சூடு பார்ப்பார். பிறகு குளம்புக்குச் சற்று மேலே பின்பக்கமாக விரல்களை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நாடி பிடிப்பார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் குழாயடிக்குப் போகும் பெண்கள் இதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். குதிரைக் காலில் விழுந்து கும்பிடும் பக்திமான் என்று அவருக்குப் பெயர். மறுத்துப் பார்த்து அலுத்துப்போய் அவரும் விட்டுவிட்டார்.

குதிரையின் பெயர் மேஜர். வயது இருபதைத் தாண்டிவிட்டது. காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையைச் சுமந்தபோது சாம்பல் நிறம். இப்போது நரைத்து முழு வெள்ளை. நாகையா அங்கே லாயத்தில் வேலை பார்த்தவர். துரை மோட்டார் வாங்கியதும் இருவரையும் ஒன்றாகவே கழித்துவிட்டார். அன்றிலிருந்து ஸ்டேஷன் வாசலில் வண்டிச் சவாரி.

மேஜருக்கு ஒரே ஒரு கெட்ட குணம். காலையில் சேணம் பூட்டும்போது நாகையாவின் தோளைக் கடிக்கும். சும்மா பல் பதிக்கிற கடி அல்ல, சட்டை கிழிகிற கடி. "என்னைக் கடிச்சாத்தான் இந்தத் தொரைக்குப் பசியாறுன மாதிரி" என்று பெருமையாகவே சொல்லுவார்.

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை மேஜர் கடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் கடிக்கவில்லை. கிழட்டுக் குதிரைக்குப் புத்தி வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சந்தோஷப்பட்டார்கள். நாகையா மட்டும் சந்தோஷப்படவில்லை.

"கெட்டவன் திடீர்னு நல்லவனாயிட்டா, எங்கயோ நோவுதுன்னு அர்த்தம்."

மேஜரின் வாயைப் பிளந்து கையை விட்டுப் பல்லைத் தடவினார். கோளாறு இல்லை. கழுத்துப் பட்டை உரசுகிற இடத்தில் புண் இல்லை. சாணத்தைக் கிளறினார், முகர்ந்தார். அதுவும் எப்போதும்போல் மணத்தது. ஆனால் மேஜரின் கண்ணுக்கு மேலே புதிதாக ஒரு சுருக்கம். நின்ற இடத்திலேயே இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் பாரத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. இதெல்லாம் யார் கண்ணுக்குத் தெரியும்? ஊருக்குத் தெரிந்தது வேறு.

குடியிருப்பின் முனையில், தூங்குமூஞ்சி மரத்தடியில் முனீஸ்வரர் இருக்கிறார். வெள்ளைக் குதிரை முனியின் வாகனம் என்பதால் அங்கே வண்டி நிற்கும்போதெல்லாம் மேஜருக்கு வாழைப்பழமும் வெல்லமும் ஊட்டுவது வழக்கம். அந்த வாரம் மரத்தடிக்கு வந்ததும் மேஜர் தானாக நின்றது. முன்னங்கால் இரண்டையும் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, தலையைத் தாழ்த்தியது.

"கும்பிடுதுடா!" என்று கத்தினார் தம்புசாமி. ரயில்பாதைக் கங்காணியான அவர்தான் முனிக்குப் பூசாரியும். "முனி வாகனம் முனியைக் கும்பிடுது!"

அவ்வளவுதான். மறுநாள் மேஜரின் நெற்றியில் குங்குமம், கழுத்தில் மாலை. வெல்லம் கூடைகூடையாக வந்தது. ஒரு புண்ணியவான் சுருட்டைப் பற்றவைத்து அதன் வாயில் வைக்கவும் பார்த்தான். மேஜர் தின்னத் தின்ன நன்றாகக் கும்பிட்டது. அது கும்பிடக் கும்பிட ஜனங்கள் இன்னும் ஊட்டினார்கள்.

நாகையாவுக்குச் சாமியிடம் பயம் உண்டு. ஆனால் குதிரையை நன்றாகத் தெரியும். இருபது வருஷமாகக் கோயில், குளம் என்று திரும்பிப் பார்க்காத பிராணி அது. மேஜரை வண்டியிலிருந்து அவிழ்த்து, கையில் பிடித்துக்கொண்டு மெல்ல நடத்திப் பார்த்தார். மாதா கோயில் வாசலில் கும்பிட்டது. "எங்க மாதாவையும் மதிக்குது பாருங்க" என்று பூரித்தார் கோயில் மணியடிக்கும் அம்புரோஸ். சீனன் கோயில் வாசலில் கும்பிட்டது. கள்ளுக்கடைக்கு எதிரே மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாகக் கும்பிட்டது. ஆனால் மண் பாதை ஓரத்தில் இருக்கும் பிள்ளையாரை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போயிற்று.

நாகையா திரும்பி நடந்து தரையைப் பார்த்தார். கும்பிட்ட இடமெல்லாம் புதிதாகச் சல்லிக்கல் கொட்டிய ரோடு.

அங்கேயே குந்தி உட்கார்ந்து குளம்பில் கை வைத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுட்டது. மேலே, நல்ல காலில் விரலுக்கு எளிதில் தட்டுப்படாத நாடி திம் திம்மென்று அடித்தது. காப்பாரில் துரையின் இன்னொரு குதிரை தானியக் கிடங்கில் புகுந்து வயிறு முட்டத் தின்றுவிட்டு இப்படித்தான் குளம்பு சுட நின்றது. துரை துப்பாக்கி எடுத்துவர ஆளனுப்பினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது நாகையாதான்.

தம்புசாமியிடம் போய்ச் சொன்னார். "அண்ணே, அது கும்பிடல. கால் நோவுது. வெல்லம் போடப் போட குளம்பு வெந்துபோவுது. இப்பிடியே போனா சுட்டுத்தான் கொல்லணும்."

"நோவுன்னா முனி தீத்து வைக்க மாட்டாரா? ஞாயித்துக்கெழம பூசை. முனியோட அரிவாள மேஜர் முதுகுல ஏத்தி குடியிருப்பு பூரா ஊர்வலம். எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

"பூராவும் கல்லு ரோடுண்ணே!"

"குறுக்க பேசாத நாகையா. முனி கோச்சுக்குவாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை. உடுக்கை அடித்தது. பொங்கல் பானையோடு ஊரே மரத்தடியில் கூடியிருந்தது. தம்புசாமி அரிவாளைத் தூக்கிக்கொண்டு மேஜரை நெருங்கியபோது, பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் சாமி வராத நாகையாவுக்குச் சாமி வந்தது.

ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார். தலைப்பா ஒரு பக்கம் பறந்தது. "டேய்! நான் முனி வந்திருக்கேண்டா! என் குதிரைக்கு எவன்டா சக்கர போட்டது?"

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

"வெல்லம் கூடாது! பழம் கூடாது! காஞ்ச புல்லு மட்டும் அளவாப் போடு! கல்லு ரோட்டுல ஏத்தாத! நாப்பது நாளு ஆத்தங்கரைச் சேத்துல நிக்க வையி! குளம்ப ஒரு விரக்கட ஓரமாச் சீவு!"

இவ்வளவு விவரமாக வைத்தியம் சொல்லும் முனியை அந்தக் குடியிருப்பு அதுவரை கண்டதில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். தம்புசாமி கண்ணை இடுக்கிக்கொண்டு, பற்றவைத்த ஒரு சுருட்டை நீட்டினார். வந்திருப்பது முனியானால் மூன்று சுருட்டை அசராமல் குடிக்க வேண்டும். அதுதான் அங்கே சோதனை. நாகையா பீடிகூடத் தொடாதவர். முதல் சுருட்டிலேயே கண் பிதுங்கியது. இரண்டாவதில் தாரைதாரையாகக் கண்ணீர். முனி தன் வாகனத்துக்காக அழுகிறார் என்று பெண்கள் குலவையிட்டார்கள். மூன்றாவதை வாங்கவும் நாகையா இருமிக்கொண்டே கையை நீட்டினார். தம்புசாமி பீடிகூடத் தொடாத அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சுருட்டைத் தன் வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"முனி சொல்லிட்டாரு. ஊர்வலம் கெடயாது. குதிரையச் சேத்துக்குக் கொண்டு போங்க."

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது மனிதர்களுக்கு. மேஜருக்கு நாலு காலும் சேற்றிலேயே. அந்த நாற்பது நாளும் நாகையா ஸ்டேஷனில் பெட்டி தூக்கினார். விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேற்றைக் கழுவிவிட்டு நாடி பார்த்தார். சில நாள் சூடு குறையும். சில நாள் ஏறும்.

நாற்பத்தோராம் நாள் காலை, குடியிருப்பிலிருந்து இராஜம்மா இலையில் சர்க்கரைப் பொங்கலோடு ஆற்றங்கரைக்கு வந்தாள்.

"முனி வேணாம்னுட்டாரு, தெரியும்ண்ணே. மேஜருக்குக் காட்டிட்டு நீங்க தின்னுடுங்க."

காட்டினாள். மேஜர் மூக்கை நீட்டுவதற்குள் நாகையா இலையைப் பிடுங்கிக்கொண்டு அதன் காலடியில் குந்தி உட்கார்ந்தார். வலது கை பொங்கலை வாயில் அடைத்தது. இடது கை குளம்பைத் தொட்டது. குளம்பு ஆற்றுத் தண்ணீர்போல ஜில்லென்று இருந்தது. நாடியைத் தேடித் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சந்தேகம் தீராமல் மறுபடியும் தேடினார்.

மேலேயிருந்து மேஜர் குனிந்து அவருடைய இடது தோளை நறுக்கென்று கடித்தது.

"ஐயய்யோ! ரத்தம் வருதேண்ணே!" என்று அலறினாள் இராஜம்மா.

நாகையாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இலையைக் கீழே வைத்தார். வலது தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, அந்தத் தோளையும் மேஜர் பக்கம் திருப்பிக் காட்டினார்.