பச்சைக் காரின் பிரேக்கில் காற்று

ரப்பருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒன்பது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தேன். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த அப்பா, மாமாவின் காரிலிருந்து கழற்றிய பிரேக் ஹோஸ் ஒன்றைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். விரல் தடிமன், சாண் நீளம். வெளிப்புறம் பனிக்காலத்துக் குதிகாலைப் போல வெடித்திருந்தது. உள்ளே, எண்ணெய் ஓட வேண்டிய வழி வீங்கி அடைத்துப்போய், ஊசி நுழையும் அளவுக்குத்தான் மிச்சம். மிதிக்கிற வேகத்தில் எண்ணெய் உள்ளே போய்விடுமாம், திரும்பி வரத்தான் வழி கிடையாதாம். அதனால் பிடித்த பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். தொண்டை வீங்கினால் எச்சில் இறங்காதே, அது மாதிரியா என்று கேட்டேன். அதே மாதிரிதான் என்று அப்பா சொன்னதில் எனக்கு ஏகப் பெருமை.

கார் பச்சை நிறம். இரண்டே பேர் உட்காரலாம். தலைக்கு மேலே தகரம் கிடையாது, கித்தான் துணிதான். எஸ்டேட் துரை சீமைக்குப் புறப்பட்டபோது, ஆபீசில் கிளார்க்காக இருந்த மாமாவிடம், அதாவது அம்மாவின் தம்பியிடம், விட்டுப்போனது. ரேஸ் ஜாதி என்று மாமா சொல்லிக்கொள்வார். எங்கள் குவார்ட்டர்ஸில் கதவுக் கீல் கத்தினாலும் தையல் மிஷின் முரண்டு பிடித்தாலும் மருந்து ஒன்றுதான்: ஃபேக்டரி மிஷினுக்கு ஊற்றுகிற எண்ணெய். பிரேக் எண்ணெய் குறைந்தபோது மாமா அதையே ஊற்றிவிட்டார். ரப்பர் அதைக் குடித்துக் குடித்து வீங்கிக் கிடந்தது.

"எண்ணெய்னா எல்லாம் எண்ணெய்தானுங்களே, மச்சான்" என்றார் மாமா.

"தலைக்கும் அதையே தேச்சுக்க, மாப்ள" என்றது காருக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல்.

கார் ஓடியாக வேண்டியிருந்தது அத்தைக்காக. அப்பாவின் கடைசித் தங்கை. இருவருக்கும் பதினைந்து வயது வித்தியாசம். பெற்றவர்கள் போன பிறகு அவளைத் தோளில் போட்டு வளர்த்தவர் அப்பா. கோயமுத்தூரில் நர்ஸ் படிப்புக்கு அவரிடம் கேட்காமலே எழுதிப் போட்டிருந்தாள். இடமும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை பத்து மணிக்குள் நேரில் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்கு. அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார், மடித்தார், அவளுடைய டிரங்குப் பெட்டியின் மேல் வைத்தார். போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எட்டு நாளாக அண்ணனும் தங்கையும் பேசவில்லை. சாப்பாடு ஆயிற்று என்பதுகூட என் வழியாகத்தான் போய்வந்தது.

அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குன்னூர்ப் பாதை அடியோடு அடைபட்டது. கோத்தகிரி வழியில் மண் சரிந்து பஸ் நின்றுபோய், சின்ன வண்டிகளை மட்டும் ஒவ்வொன்றாக விட்டார்கள். எங்களுக்கு வாய்த்த சின்ன வண்டி ஒன்றே ஒன்று; அதற்குப் பிரேக் சரியில்லை. மாமா போன வாரமே கோயமுத்தூரிலிருந்து ஹோஸ்களும் வாஷர்களும் ஒரு டப்பா பிரேக் எண்ணெயும் வாங்கி வந்திருந்தார். வேறு ஏதோ வண்டிக்கான ஹோஸ்கள். திருகு மரை ஒத்துப்போனது எங்கள் அதிர்ஷ்டம். அப்பா யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஸ்பேனர்களோடு காருக்கு அடியில் புகுந்தார்.

மூன்று ஹோஸும் மாட்டி முடிக்க மதியமாயிற்று. இனி ஏர் எடுக்க வேண்டும். குழாய்க்குள் காற்று தங்கினால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். மாமா ரோடு எப்படியிருக்கிறது என்று பார்த்துவரப் போய்விட்டதால், மிதிக்கிற ஆள் நானானேன். ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு இரண்டு காலாலும் பெடல்மேல் ஏறி நின்றேன். அப்பா "மிதி" என்பார். சக்கரத்துக்குப் பின்னால் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறப்பார்; எண்ணெய் நுரைத்து நுரைத்துத் தட்டில் துப்பும். மூடிய பிறகு "விடு" என்பார்.

மூன்றாவது தடவை கால் வழுக்கி, அவர் சொல்லுமுன்னே பெடல் எழும்பிவிட்டது. புஸ்ஸென்று ஒரு சத்தம். அது என்ன என்று கேட்டேன். நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால், வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிக்கொள்ளும் என்றார்.

"மறுபடியும் மொதல்ல இருந்து, கண்ணு. பரவால்ல."

எனக்கு இப்போது ஒரு ரகசியம் தெரியும். பிரேக் சரியாகாவிட்டால் கார் போகாது. கார் போகாவிட்டால் அத்தை போகமாட்டாள். ஒரே கம்பளிக்குள் படுத்துக்கொண்டு, மேகத்துக்கு எடை உண்டா, அட்டைக்குப் பல் எங்கே என்று நான் கேட்பதற்கெல்லாம் பாதித் தூக்கத்திலும் பதில் சொல்கிறவள் அவள். அதற்கப்புறம் என் கால் வழுக்கவில்லை, நானாகத்தான் எடுத்தேன். ஒரு நூலளவு முன்னால், அப்பாவின் குரல் வருமுன்னே. புஸ். அடியில் நிப்பிளை இறுக்குகிற சத்தம். பிறகு அதே நிதானத்தில் "மிதி."

எத்தனை தடவை என்று நினைவில்லை. பனிமூட்டம் தேயிலைச் சரிவில் ஏறி, காரின் மூக்கை விழுங்கி, மறுபடி துப்பியது. மாமா திரும்பி வந்து, ரோடு திறந்துதான் இருக்கிறது என்றார். எண்ணெய் டப்பாவை ஆட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் தளும்பியது. பற்றாவிட்டால் ஃபேக்டரி எண்ணெய் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாமா என்று மெதுவாக ஆரம்பித்தார். டப்பா தீர்ந்தால் கோயமுத்தூருக்குப் போனால்தான் அடுத்த டப்பா.

அப்போதுதான் அத்தை வெளியே வந்தாள். டப்பாவைப் பார்த்தாள். காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கால்களைப் பார்த்தாள். கடைசியாக என்னை. என் முகத்தில் என்ன இருந்ததோ, இரு கைகளையும் என் அக்குளில் கொடுத்துத் தூக்கி இறக்கிவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை ஒதுக்கி உட்கார்ந்து பெடலில் கால் வைத்தாள்.

"மிதிச்சுட்டேனுங்ண்ணா."

எட்டு நாளில் முதல் பேச்சு. ஸ்பேனர் அசையவில்லை.

"நல்லா மிதிச்சுப் புடி, அம்மிணி" என்றார் அப்பா.

ஐந்தே தடவை. ஐந்தாவதில் எண்ணெய் நுரையில்லாமல், தேன் மாதிரி, கம்பியாக இறங்கியது. மற்றச் சக்கரங்களுக்கும் அப்படியே. டப்பாவில் கடைசியாக இரண்டு சொட்டு மிஞ்சியது. அப்பா வெளியே வந்து, சாக்குத் துணியில் ஒவ்வொரு விரலாக நெடுநேரம் துடைத்தார். மேட்டுப்பாளையம் வரைக்கும் செகண்ட் கியரிலேயே இறங்கச் சொல்லி மாமாவுக்கு உத்தரவு போட்டார். அத்தையிடம், போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அத்தை போனாள். முதல் வளைவில் கார் நின்று, மறுபடி கிளம்பிப் போனது. பிரேக் பிடிக்கிறது, விடுகிறது. கார் மறைந்த பிறகும் அப்பா அங்கேயே நின்றிருந்தார். எனக்குப் பயமாகவும் இருந்தது, தெரிந்துகொண்டே ஆகவேண்டும் போலவும் இருந்தது. நான் மிதித்தபோது போகாத காற்று, அத்தை மிதித்ததும் எப்படிப் போயிற்று என்று கேட்டேன்.

"உன்ற கால் சின்னதுங் கண்ணு" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. அன்று முழுக்க ஈர மண்ணில் என் பாதத்தைப் பதித்துப் பதித்து அளந்துகொண்டிருந்தேன். இருபது மிஷின்கள் ஒன்றாக இரைகிற ஃபேக்டரியில், எந்த மிஷினில் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுகிற மனுஷன், அத்தனை புஸ்ஸுக்கும் ஒருமுறைகூட அதட்டாமல் ஏன் மறுபடி மறுபடி மிதி என்றார் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.