தகரப் பாட்டும் பலகைச் சுவரும்

என் மகள் பல் டாக்டர். பகலெல்லாம் அடுத்தவர் வாயில் மெஷினை விட்டுக் குடைந்துவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்ததும் கேட்கிற பாட்டும் அதே சத்தத்தில்தான் இருக்கும். போன வாரம் விமானத்தில் அவளுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் தோசைக்கல் அகலத்துக்குக் கறுப்பு இசைத்தட்டு. அட்டையில் ஒரு மண்டையோடு, அதன் கண்குழியிலிருந்து தீ.

"புது ஆல்பம்மா. ரொம்ப வருஷம் கழிச்சு எல்லாரும் ஒண்ணா ஸ்டூடியோவுக்குப் போயிருக்காங்க. பாடுறவருக்கு உன் வயசு தெரியுமா?" என்றாள்.

என் வயசுக்காரர் இனி என்ன பாடிவிடப் போகிறார், ஏதாவது பக்திப் பாட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு காபியை எடுத்தேன். அவள் ஊசியை வைத்தாள். அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. காபி என் புடவையில் கொட்டியது.

"ஏண்டி, பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"கான்க்ரீட் சுவர்ம்மா. ஒரு பொட்டுச் சத்தம் போகாது."

புடவையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல் வந்தது. கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது, அடித்தொண்டையில் கபம் சேர்ந்திருந்தது, ஆனால் அதே உறுமல். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் காதைத் தொழிலாக வைத்துப் பிழைத்தவள் நான். ஒருமுறை கேட்ட குரலை விடமாட்டேன். அட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தேன். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். புதுப் பிளாஸ்டிக் வாடை மட்டும்தான். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த தட்டு டீசலும் கிரீசும் கலந்து நாறும்.

"இந்த ஆளை எனக்குத் தெரியும். நீ பொறக்கறதுக்கு முந்தியே உனக்கும் தெரியும்" என்றேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

உங்களிடம் சொல்கிறேன், நீங்களாவது சிரிக்காமல் கேளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் போர்ட் பிளேரில், ஷாதிபூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நீளமாக ஒரே கட்டடம், வரிசையாகக் குடித்தனங்கள். தரை முதல் எல்லாமே பலகை, மேலே தகரம். குடித்தனங்களுக்கு நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். காற்றோட்டத்துக்காம். காற்று வந்ததோ இல்லையோ, அடுத்த வீட்டுத் தாளிப்பு வாசனை, இருமல், சண்டை எல்லாம் தாராளமாக வந்தன. எங்களுக்கு இடது பக்கம் ஒரு வங்காளத்துப் பெரியம்மா, லைனில் எல்லோருக்கும் மாசி. அவருக்கு அந்தப் பக்கம் ஒரு தெலுங்கு போஸ்ட்மேன். வலது பக்கம் துரைசாமியும் பாக்கியம் அக்காவும்.

துரைசாமி ஒரு மரக் காண்ட்ராக்டரிடம் மேஸ்திரி. மதுரைப் பக்கத்து ஆள். வெளியில் பார்த்தால் தங்கமான மனிதர். கப்பலில் வெங்காயம் வந்தால் லைனில் எல்லோருக்கும் பங்கு வைப்பார். அந்தக் காலத்தில் வாய் நிறைய 'அவர்' என்றுதான் சொன்னேன். இப்போது 'அவன்' என்று எழுதுகிறேன். என்ன செய்துவிடுவான்?

அந்தமானில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். இருட்டியதும் அவன் அடிக்க ஆரம்பிப்பான். காரணம் என்று ஒன்றும் வேண்டியதில்லை. குழம்பில் உப்பு, சட்டையில் பொத்தான், ஒன்றுமில்லாவிட்டால் அவள் பார்த்த பார்வை. அவன் அறைந்த ஓர் அறையில் பாக்கியம் அக்காவுக்கு இடது காது போய்விட்டது. முதல் கர்ப்பம் அவன் காலால் எத்தியதில் கலைந்தது. மெயின்லேண்டாக இருந்தால் பெண் கோபித்துக்கொண்டு பஸ் ஏறித் தாய் வீட்டுக்காவது போவாள். இங்கே கோபித்துக்கொண்டு போனால் கடல்தான் இருக்கிறது. கப்பல் எப்போதோ வரும், வந்தாலும் டிக்கெட்டை எடுப்பது புருஷன்.

எங்கள் லைனில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. அவன் வீட்டில் முதல் அடி விழுந்ததும் மாசி வீட்டில் கல்கத்தா ரேடியோ ஏறும். போஸ்ட்மேன் வீட்டில் ஏதாவது ஒரு தெலுங்குப் பாட்டு ஏறும். எங்கள் வீட்டில் ரேடியோ கரகரத்தபடி கிடைத்ததைப் பாடும். இதை நாங்கள் மரியாதை என்று நினைத்தோம். காலையில் தண்ணீர்க் குழாயடியில் அவள் நிமிர்ந்து நிற்க வேண்டுமே, ராத்திரி அழுதது ஊருக்கெல்லாம் கேட்டது என்று இருக்கக் கூடாதே என்றுதான். உதடு கிழிந்து வந்தாலும் யாரும் கேட்கமாட்டோம். குடத்தை மட்டும் முன்னால் வைக்கவிடுவோம்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். வந்த புதிதில் ஒரு நாள் சுவருக்கு மேலாக, "மனுசனா நீ? கையை எடு!" என்று கத்திவிட்டேன். மறுநாள் குழாயடியில் பாக்கியம் அக்கா கண்ணைத் திறக்க முடியாமல் வந்தாள். "நீ போட்ட சத்தத்துக்கும் சேத்து எனக்குத்தான் விழுந்துச்சு பிள்ள" என்றாள். மாசி என் தோளைத் தொட்டு, "கர் கா மாம்லா ஹை பேட்டி" என்றார். வீட்டு விவகாரமாம். அதன் பிறகு நானும் ரேடியோவைத் திருகினேன்.

துரைசாமிக்கு எங்கள் வழக்கம் நன்றாகப் பிடித்துப்போயிற்று. போகப்போக அவனே சுவரின் மேல் விளிம்பில் விரல் முட்டியால் தட்டி, "தங்கச்சி, பெட்டிய கொஞ்சம் ஜோர்ஸே வைம்மா" என்று கேட்க ஆரம்பித்தான், சத்தமாக வைக்கச் சொல்லி. யோசித்துப் பாருங்கள், அடிக்கிறவன் பக்கவாத்தியம் கேட்கிறான். மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். தகரத்தில் மழை விழுந்தால் கொலையே நடந்தாலும் தெரியாது. ஜனவரியில் மழை நின்றால்தான் அவனுக்கு எங்கள் தயவு வேண்டும்.

அப்படி ஒரு ஜனவரியில்தான் அந்தத் தட்டு வந்தது. என் கொழுந்தன் வெளிநாட்டுக் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தான். லீவுக்கு மெட்ராஸ் போன என் வீட்டுக்காரரிடம், பெட்டி மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகிற ஒரு ரெக்கார்டு பிளேயரையும் ஒரே ஒரு தட்டையும் கொடுத்து அனுப்பியிருந்தான். பேட்டரி செல் போட்டால் பாடும். ஆசையாக வைத்துக் கேட்டேன். நங்கூரச் சங்கிலியைத் தகரத்தின் மேல் தறதறவென்று இழுத்தார்கள், நடுவில் ஓர் ஆள் உறுமினான். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அப்போது நான் ஐந்து மாதம். என் வீட்டுக்காரர் கப்பல் ரிப்பேர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், பாதிக் காது ஏற்கெனவே அங்கே போயிருந்தது. "நல்லாத்தானேட்டி இருக்கு. நம்ம ஒர்க்‌ஷாப்பே பாடுன மாதிரி இருக்கு" என்றார் தூத்துக்குடிக்காரர்.

துரைசாமிக்கு அது அமிர்தமாக இருந்தது. ரேடியோவெல்லாம் வேண்டாம் என்றாகிவிட்டது. "தங்கச்சி, அந்தத் தகரப் பாட்டு" என்று தட்டுவான். வைக்காவிட்டால் அந்தப் பக்கம் அடி கூடும். வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் வைத்தேன்.

ஒரு நாள் குழாயடியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து பாக்கியம் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் முழுகாமல் இருந்தது எனக்குத் தெரியும். வாந்தி சத்தம் சுவருக்கு மேலாக வந்திருந்தது. அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

"அந்தத் தட்டுல எந்தப் பக்கம் சத்தம் சாஸ்தி?"

"பின்பக்கம் அக்கா."

"நிக்காம எம்புட்டு நேரம் ஓடும்?"

"சோறு பொங்கி வடிக்கிற நேரம் ஓடும்."

"போதும்." முந்தானையை அவிழ்த்து என் கையில் எதையோ திணித்தாள். புது செல்கள், கடைக் காகிதத்தோடு. நாங்கள் பழைய செல்லையே வெயிலில் காயவைத்து ஓட்டிக்கொண்டிருந்த காலம். "பாட்டு நடுவுல இழுக்கக் கூடாது பிள்ள. அவரு தட்டுறது மேல கேக்கும். நான் கீழ தட்டுவேன். நான் தட்டுனதும் பின்பக்கத்தை வையி."

பாவம், வாய்விட்டு அழ நினைக்கிறாள் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். அழுவதற்குக் கூட ஒரு மறைவு வேண்டியிருக்கிறதே என்று அன்று எக்ஸ்சேஞ்சில் எனக்கே அழுகை வந்தது. நம்பர் மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். அவ்வளவுதான் என் புத்தி.

அடுத்த நாள் இருட்டியதும் அடி விழுந்தது. தொடர்ந்து பாத்திரம் உருண்டது. சுவரின் மேல் முட்டிச் சத்தம். "தங்கச்சி! தகரப் பாட்டு! ஜோர்ஸே!"

நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் இரண்டாம் முறை தட்டினான். அப்போது என் கணுக்கால் பக்கத்தில், தரையோடு தரையாக, டொக் டொக் என்று கேட்டது. அவள் தரையில் விழுந்து கிடந்து தட்டியிருக்கிறாள். தட்டைத் திருப்பிப் போட்டு ஊசியை வைத்தேன். சத்தத்தைத் திருகின மட்டும் திருகினேன்.

முதலில் சங்கிலி. அப்புறம் டிரம். டிரம்மோடு சேராமல் இன்னொரு சத்தம் வந்தது. ஈரத் துணியைக் கல்லில் வைத்துத் தட்டுகிற சத்தம். பாக்கியம் அக்காவிடம் துணி துவைக்கிற கட்டை ஒன்று உண்டு. படாக் மரம், இரும்பு மாதிரி கனக்கும். துரைசாமிதான் மர டிப்போவிலிருந்து எடுத்துவந்து இழைத்துக் கொடுத்தது. அந்தச் சத்தத்தைத் தொடர்ந்து ஓர் அலறல்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "ஏட்டி, அது ஆம்பளச் சத்தம்லா?"

எழுந்தவரை நான் கதவுக்குக் குறுக்கே நின்று மறித்தேன். என் வயிறே பாதிக் கதவை அடைத்தது. "பாட்டு முடியட்டும்" என்றேன்.

"செத்துருவான்ட்டி."

"பாட்டு முடியட்டும்னு சொல்றேன்ல."

மறுபடியும் அந்த ஈரத் துணிச் சத்தம். எலும்பு முறிவது எப்படிக் கேட்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல, ஆனால் அதைவிடச் சின்னதாக. "பச்சாவ்! பச்சாவ்! யாராவது வாங்க!" என்று துரைசாமி லைன் முழுக்கக் கேட்கக் கத்தினான். இந்தியில் கத்தினான், தமிழில் கத்தினான். ரத்தம் வருது, ரத்தம் வருது என்று குழந்தை மாதிரி சொன்னான்.

அப்போதுதான் மாசி வீட்டில் கல்கத்தா ரேடியோ ஏறியது. அடுத்து போஸ்ட்மேன் வீட்டில் தெலுங்குப் பாட்டு ஏறியது. எங்கள் லைனின் மரியாதை ஆள் பார்க்காது.

எனக்குப் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. வயிற்றுக்குள் இவள், இப்போது பல் பிடுங்குகிறவள், உதை உதை என்று உதைத்தாள்.

பாட்டு முடிந்து ஊசி வெறுமனே தேய்ந்துகொண்டிருந்தது. ரேடியோக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு பாக்கியம் அக்கா, சோறு போட்டுவிட்டுக் கேட்கிற அதே குரலில், "ஏங்க, தண்ணி குடிக்கிறீகளா?" என்றாள்.

வலது கை இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. ஒரு முழங்கால் சில்லும் போயிருந்தது. என் வீட்டுக்காரரும் போஸ்ட்மேனும்தான் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டிப்போவில் மரம் உருண்டு விழுந்துவிட்டது என்று அவனே டாக்டரிடம் சொன்னானாம். வேறு என்ன சொல்வான்? மேஸ்திரி அல்லவா. காலையில் குழாயடியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாக்கியம் அக்காவின் குடத்தை மாசி முன்னால் வைக்கவிட்டார்.

அவன் திருந்தினான் என்று நான் சொல்லமாட்டேன். பயந்தான். பயம் போதுமானதாக இருந்தது. கட்டுப் பிரித்து வந்த பிறகும் சில சாயங்காலம் அவன் குரல் உயரும். உடனே சுவரின் அடியில் டொக் டொக் என்று ஒரு தட்டு. குரல் அப்படியே இறங்கிவிடும். நான் பாட்டு வைக்க வேண்டியதே இல்லை. வைத்திருக்கவும் முடியாது. அந்த மார்ச்சிலேயே ஊசி உடைந்துவிட்டது. போர்ட் பிளேர் முழுக்கத் தேடியும் அதற்கு ஊசி கிடைக்கவில்லை. பெட்டியின் மேல் துணி போர்த்தி இட்லித் தட்டு கவிழ்த்து வைத்திருந்தேன். அது துரைசாமிக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அந்த மழைக்காலத்தில் பாக்கியம் அக்காவுக்கு மகன் பிறந்தான், எனக்குப் பிறந்து இரண்டு மாதம் கழித்து. லைனே சர்க்கரை தின்றது.

பின்னாளில் அந்த மகன் பெரார்கஞ்சில் வீடு கட்டி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். அங்கேதான் போய்ச் சேர்ந்தாள், நல்ல சாவு. துரைசாமி அவளுக்கு ரொம்ப முன்னாலேயே போயாயிற்று. மாசி இல்லை, போஸ்ட்மேன் மாற்றலாகிப் போனவர், என் வீட்டுக்காரர் போட்டோவில் இருக்கிறார். லைன் வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள். அந்த உறுமல்காரன் மட்டும் இருக்கிறான், புதிதாகத் தட்டு போட்டு அனுப்புகிறான்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மகள் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பாட்டை நிறுத்தினாள். வீடு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. சுவரோரம் போய்க் காதை வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று மகளைக் கேட்டேன். யாரோ புதிதாகக் கல்யாணமானவர்கள், பெயர் தெரியாது என்றாள்.

குனிந்து, தரையோடு தரையாக, டொக் டொக் என்று தட்டினேன். கான்க்ரீட். விரல் முட்டி வலித்ததுதான் மிச்சம்.