முன்னால் போன சிவப்பு விளக்கு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் இடது தோளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கன்றிய தழும்பு இருக்கிறது. நேரில் வந்தால் காட்டுகிறேன். கதை விட்டால் தோள் கன்றாது.

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவது என் பைத்தியம். படம் எடுப்பது என் தொழில். கேமராவை எதில் கொண்டுபோவீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். முதுகுப்பை எனக்கு ஆகவே ஆகாது. முதுகு வியர்வையில் ஊறிவிடும். தவிர, பையை இறக்கி, ஜிப்பைத் திறப்பதற்குள் எடுக்க வேண்டியது பறந்து போயிருக்கும். அதனால் ஒரு பட்டையைத் தோளில் குறுக்காக மாட்டி, கேமராவை இடுப்புக்குப் பின்னால் தள்ளிவிடுவேன். லென்ஸ் பின்பக்கம் பார்க்கும். இறக்கத்தில் அது முன்னால் சுற்றி வந்து முழங்காலில் இடிக்காமலிருக்க, இன்னொரு மெல்லிய பட்டையால் இடுப்போடு சேர்த்துக் கொக்கி போடுவேன்.

"பிள்ளையை முதுகுல கட்டிட்டு வர்ற மாதிரியே இருக்கு மச்சான்" என்று மாப்பிள்ளை கிண்டல் செய்வார். என் தங்கையின் கணவர்தான். வங்கி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிள்.

"பழகிக்கிறேன் மாப்ளே. நாளைக்கு உங்க பிள்ளையை நான்தானே தூக்கணும்?"

தங்கைக்கு அப்போது எட்டாம் மாதம். அன்று நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"அண்ணா, இவரை முழுசாத் திருப்பிக் கொண்டு வந்துடு. சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் எனக்கு என்னவோ போலிருந்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இறக்கத்தில் மாப்பிள்ளை முன்னால் போவார். நான் பின்னால் போய்ப் படமெடுப்பேன். அவருடைய சீட்டுக்குக் கீழே எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் வருவேன். என் சைக்கிளில் அந்த விளக்கு கிடையாது. கடைசியாக வருகிறவனை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மாட்டாமலே விட்டிருந்தேன்.

மாலை ஐந்தேகாலுக்கு உச்சியில் பனிமூட்டம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "கிளம்பலாம் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. நான் குனிந்து கொக்கியை மாட்டினேன். அவசரத்தில் கேமராவை அணைக்க மறந்துவிட்டேன். நிமிர்ந்தபோது சிவப்பு விளக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

பின்னாலேயே போனேன்.

க்ளிக்.

இடுப்பெலும்பு கேமராவின் பட்டனில் இடிக்கிறது என்று நினைத்தேன். போனால் போகட்டும், வெறும் பனிப்படம்தானே.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஏதோ குறைவது போல் பட்டது. என்னவென்று புரியச் சிறிது நேரம் ஆனது. சத்தம். மாப்பிள்ளையின் பிரேக் பிடித்தால் ஊரையே கூட்டும். மாற்றச் சொல்லி ஒரு மாதமாகத் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அது கிறீச்சிடவே இல்லை.

பாதை முழுக்கக் கல். என் பற்கள் கடகடவென்று ஆடின. முன்னால் போன விளக்கு ஆடவில்லை.

"மாப்ளே, மெதுவா!"

"வாங்க."

அவர் குரல்தான். ஆனால் 'மச்சான்' என்று சேர்க்காமல் அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

க்ளிக்.

பாதை பிரியும் இடம் வந்தது. நாங்கள் எப்போதும் இடது பக்கம் போவோம். விளக்கு வலது பக்கம் திரும்பியது.

"அந்தப் பக்கம் எங்க போறீங்க?"

"வாங்க."

தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. இவரைத் தனியாக விடக் கூடாது. நானும் திரும்பினேன்.

அப்போதுதான் முதுகில் கேமரா கனத்தது... ஏதோ கிளையில் சிக்கியிருக்கும் என்று ஒரு கையைப் பின்னால் விட்டுத் தடவினேன். கிளை இல்லை. கேமரா இருந்தது. கையுறையையும் மீறிச் சில்லென்று, நனைந்து.

பட்டை இறுகியது.

இன்னும் இறுகியது...

க்ளிக்.

சுண்டி இழுத்தது. மல்லாந்து விழுந்தேன். சைக்கிள் மட்டும் முன்னால் போனது. சத்தமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு... வெகு ஆழத்தில், தகரம் நொறுங்குவது கேட்டது.

என் காலுக்கு அப்பால் தரையே இல்லை.

விளக்கு அங்கேயே நின்றது.

அந்தரத்தில்.

"வாங்க."

அணைந்தது.

எனக்குப் பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. அந்தப் பாழாய்ப்போன சத்தத்தைக் கேட்டு அழுதேவிட்டேன்.

"மச்சான்! என்ன ஆச்சு?" மாப்பிள்ளை சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "உச்சியிலயே செயின் கழண்டுடுச்சு. இருங்கன்னு கத்துறேன், நீங்க பாட்டுக்குப் போறீங்க. நல்லவேளை, உங்க பின்லைட் தெரிஞ்சுது. அதைப் பாத்துட்டே வந்தேன்."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"என் சைக்கிள்ல ஏது மாப்ளே லைட்?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய விளக்கை அவர் இன்னும் போடவே இல்லை.

ஒருவர் கையை ஒருவர் விடாமல் நடந்தே இறங்கினோம். தங்கையிடம், சைக்கிள் சறுக்கிவிட்டது என்று மட்டும் சொன்னோம்.

மறுநாள் படங்களைப் பார்த்தேன். எல்லாம் வெறும் பனி. கடைசிப் படம் மட்டும் அப்படியில்லை. லென்ஸுக்கு மிக அருகில், பட்டையைப் பற்றியிருந்த நான்கு விரல்கள். வெளுத்து, நனைந்து. நானும் மாப்பிள்ளையும் அன்று கையுறையைக் கழற்றவே இல்லை.

அதோடு விட்டிருந்தால்கூட மனப்பிரமை என்று தேற்றிக்கொண்டிருப்பேன். மறுவாரம் வனக்காவலர் போன் செய்தார். பள்ளத்தில் விழுந்த சைக்கிளைத் தேடித் தரச் சொல்லியிருந்தோம்.

"சார், உங்க ரெண்டு சைக்கிளும் கிடைச்சிடுச்சு."

"ரெண்டா?"

"ஆமா சார். ஒண்ணு புதுசு. இன்னொண்ணு துருப்பிடிச்சு, சக்கரத்துக்குள்ள செடியே முளைச்சிருக்கு. ஹேண்டில்ல ஒரு கேமராப் பட்டை தொங்குது... அறுந்துபோய்."

நான் போனோடு வாசலுக்கு வந்தேன்.

"அப்புறம் சார்... அந்தப் பழைய வண்டியில சிவப்பு லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. அமுக்கிப் பாத்துட்டேன், அணையல. அதை எப்படி அணைக்கறது?"

மாப்பிள்ளையின் சைக்கிள் அப்போது என் கண்ணெதிரே, வாசல் சுவரில் சாய்ந்து நின்றது.