கஞ்சிப் பூச்சு

என் அலுமாரியின் மேல்தட்டில், பழைய சீலைத் துண்டில் சுற்றிய பொம்மை ஒன்று இருக்கிறது. விரல் நீளம்தான். முதுகில் கொழுந்துக் கூடை, கொஞ்சம் குனிந்த நடை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் அரித்த பள்ளம். 

அது அப்பா கடதாசிக் கூழில் செய்தது. அம்மா இறந்து சில வருடங்களின் பின், எழுபத்தேழுக் கலவரத்தில், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயம் எரிந்தது. அம்மாவின் ஒரேயொரு படமும் அதோடு போயிற்று. வடக்கே வட்டக்கச்சிக்கு வந்து கூலிக்கு வயல் வெட்டிய அப்பா, பொழுதுபட்ட பிறகு உட்கார்ந்து, நினைவிலிருந்தே அந்த முகத்தைப் பிடித்தார். மேடான கன்னம், இடப்பக்கம் சற்றுச் சரிந்த வாய், அப்படியே என் அம்மா. கூடவே தோட்டத்து ஆட்கள் சிலரையும் செய்தார். வர்ணம் பூசுமுன் அவரும் போய்ச் சேர்ந்தார். "அடிப்பூச்சு சரியில்லேன்னா மூஞ்சி நிக்காது தாயி" என்பது அவருடைய ஓயாத பாட்டு. வச்சிரத்தைக் காய்ச்சி, சோக்கு வெண்கட்டித் தூள் குழைத்து, வர்ணத்துக்கு முன் பூசும் வெள்ளைப் பூச்சைத்தான் சொல்வார். வச்சிரம் தச்சர்கள் பாவிக்கும் பசை. மாட்டுத்தோலில் செய்வது, காய்ச்சினால் ஊரே நாறும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய வீடொன்றுக்கு நான் மருமகளானேன். மாமி பெரிய சுத்தக்காரி. நான் தேத்தண்ணீர் குடித்த பேணியைச் சாம்பல் போட்டு இரண்டாம் தரமும் தேய்ப்பார், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அப்படிப்பட்டவரிடம், நவராத்திரிக்கு அப்பாவின் பொம்மைகளைக் கொலுவில் வைக்கலாமா என்று பயந்து பயந்துதான் கேட்டேன். "வையன். ஆனா உப்பிடி ஊத்தையாய் வைக்கேலாது, பெயின்ற் அடிச்சுப்போட்டு வை" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டுச் சாமியறையில் என் அம்மாவுக்கு ஓர் இடம்! இவர், என் வீட்டுக்காரர், கிளிநொச்சிக் கடையில் வச்சிரம் வாங்கி வந்து தந்தார். கொல்லையில் அடுப்பு மூட்டிக் காய்ச்சி, ஆறவைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்து குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் தொட்டால் வெள்ளை விரலோடு வந்தது. பசை போதாதாக்கும் என்று சுரண்டிவிட்டு, சட்டியில் இருந்ததை இன்னும் கொஞ்சம் விட்டுக் குழைத்தேன். இந்த முறை கோடைக் குளம்போல வெடித்தது. பசை கூடிவிட்டதாக்கும் என்று மறுபடி சுரண்டினேன். வானம் மூடிக் கிடந்ததைத் திட்டினேன், சோக்கைத் திட்டினேன், கடைக்காரனையும் விடவில்லை. புளித்த வாடை ஒன்று வந்தது. வச்சிர நாற்றத்தைவிட அது மேல் என்றுதான் அப்போது பட்டது. கடைசியில் மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசி, கண்ணும் மூக்கும் அடைபடாமல் ஊசியால் வழித்து, அலுமாரிக்குள் காயவைத்தேன்.

பூசைக்கு முதல்நாள் காலை கதவைத் திறந்தேன். சீ! இப்போதும் உடம்பு கூசுகிறது. கரப்பொத்தான்கள்! பொம்மைகளின் தலைகளில் கொத்துக் கொத்தாக மொய்த்துக் கிடந்தன. தட்டிவிட்டபோது ஒன்று என் சட்டைக் கைக்குள் ஓடியது. பூச்சோடு நிற்காமல் கூழையும் அரித்திருந்தன. அம்மாவின் கன்னம் இல்லை, வாய் இல்லை. பள்ளத்துக்குள் அவற்றின் கறுத்த எச்சம். நான் போட்ட சத்தத்தில் மாமி வந்து எட்டிப் பார்த்தார்.

"வச்சிரம் காய்ச்சினால் கரப்பொத்தான் இப்பிடி வருமோ மாமி?" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

"எங்கத்தை வச்சிரம்? அண்டைக்கே, நீ குளிக்கப் போன நேரம் ஊத்திப்போட்டன். சட்டியில அரிசிக்கஞ்சி விட்டனான்."

"சொல்லாமலோ மாமி?"

"சொன்னா விடுவியோ? மாட்டுத்தோல் காய்ச்சினது என்ர சாமியறைக்கு வாறதோ?"

"இது என்ர அம்மான்ர முகம்."

மாமி மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார். "கரப்பொத்தான் திண்டா என்ன, மாடு படேல்லைத்தானே" என்றார்.

மறுநாள் பூசை குறைவில்லாமல் நடந்தது. அவலும் கடலையும் அவர் கையால் தந்தார், வாங்கித் தின்றேன். அந்தச் சுத்தத்தை நினைத்தால் கரப்பொத்தானே மேல் என்று தோன்றும்.

மாமி போய்ப் பல வருடங்களாயிற்று. போரில் இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் என் வீட்டுக்காரருக்காக மாமியின் படத்தையும் நான்தான் உடுப்புப் பைக்குள் வைத்துக் காவினேன். இப்போது அது சுவரில், மாலையோடு தொங்குகிறது. முகத்தில் ஒரு கீறல் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கண்ணாடியைத் துடைத்துப் பொட்டு வைக்கிறேன். அதற்கு நேர் கீழேதான் அந்த அலுமாரி.