வரி முறியும் இடத்தில்

ஹெல்ப் டெஸ்க்கில் புகாரைத் தீர்ப்பவனுக்கு மரியாதை கிடையாது, மூடுபவனுக்குத்தான் ரவா இட்லி. என்னைப் போல டிக்கெட் மூடிப் பிழைக்கும் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எனக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். ஒன்று: நான் பதினெட்டு வருடம் லேத்தில் நின்ற தொழிற்சாலையை ஒரு நோட்டீஸ் ஒட்டி மூடினார்கள். இரண்டு: சங்க அலுவலகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். மூன்று: பூட்டை உடைத்தது ஒன்பது பேர், வழக்கில் தனராஜ் என்று என் பெயரை மட்டும் எழுதினார்கள். நான்கு: என்னோடு உடைத்தவர்களில் மூன்று பேர் எனக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து: கல்லூரிப் படி மிதிக்காமல், துண்டறிக்கைகளைப் படித்தும் எழுதியும் அறிவு பெற்ற என்னை, "எழுத்தைக் கூர்ந்து பார்ப்பார்" என்று சொல்லி இதே பெங்களூரில் ஒரு கட்டடப் பராமரிப்புக் கம்பெனியின் கணினி முன்னால் உட்கார வைத்தார்கள்.

எங்கள் சங்கத்தின் முறை இது. அநியாயங்களை வரிசையாகப் படிப்போம். கடைசியில் அதைச் செய்தவன் பெயரைச் சாட்சிகள் முன்னால் சத்தமாகப் படிப்போம். பெயர் படிக்காமல் கூட்டம் கலையாது.

இப்போது என் வேலை வேறு. பல கட்டடங்களிலிருந்து மெயிலில் புகார் வரும். ஒவ்வொன்றும் ஒரு டிக்கெட். அதைப் படித்துப் பிரிப்பது மென்பொருள். எந்தச் சொல்லைப் பார்த்து எப்படிப் பிரிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் சூத்திரத்துக்கு ரெஜெக்ஸ் என்று பெயர். அதை எழுதுவது நான்.

நின்றுபோன புள்ளி

ரெஜெக்ஸில் புள்ளி வைத்தால் 'எந்த எழுத்தானாலும் எடுத்துக்கொள்' என்று பொருள். ஆனால் வரி முறிந்தால் புள்ளி அங்கேயே நின்றுவிடும். தனியாகச் சொன்னால்தான் தாண்டும். இது தெரியாமல், 'புகார்' என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதை எல்லாம் எடு என்று எழுதிவிட்டேன். ஜனங்களோ 'புகார்' என்று ஒரு வரியில் எழுதி, விஷயத்தை அடுத்த வரியில் எழுதுகிறார்கள். முதல் வரியோடு படிப்பதை நிறுத்துகிற மேலாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தை அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு வாரம் எல்லோருக்கும் வெறும் டிக்கெட் போனது. ஈஜிபுரா கட்டடம் ஒன்றின் வாட்ச்மேன் போன் செய்தார். "சார், உங்க பிளம்பர் வந்து நிக்கிறாரு. புகார் இருக்கு, ஆனா என்ன புகார்னு தெரியாதுங்கிறாரு. எங்க மாமியார் மாதிரியே பேசுறாரு சார்."

நிற்காத புள்ளி

வரியைத் தாண்டப் புள்ளிக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அது நிற்க மறுத்தது. ஒரே மெயிலில் மூன்று புகார் இருந்தால், முதல் 'புகார்' தொடங்கி, வீட்டையோ மாடியையோ குறிக்கக் கடைசியாக எழுதிய 'இடம்' என்ற சொல் வரை ஒரே வாயில் விழுங்கியது. முதல் புகாரின் விஷயமும் கடைசிப் புகாரின் இடமும் சேர்ந்து ஒரு டிக்கெட் ஆனது. 'முதலில் கிடைப்பதோடு நிறுத்து' என்று சொல்ல ஒரு கேள்விக்குறி போதும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

அதற்குள் பிளம்பரிடமிருந்து போன் வந்தது. "லிஃப்ட்ல குழாய் ஒழுகுதுன்னு போட்டிருக்கீங்க. மேல போகும்போது ஒழுகுதா, கீழ வரும்போதா அண்ணா?"

நன்றி சொன்னால் மூடு

வேலை முடிந்ததும் சிலர் 'தேங்க் யூ' என்று பதில் போடுவார்கள். அந்தப் பதில் மூடிய டிக்கெட்டைத் திறந்துவிடும். என் டீம் லீட் ஹரீஷ் முப்பது வயதுக் கன்னடப் பையன். திறந்த டிக்கெட்டைக் கண்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஆங்கிலத்தில் 'தேங்க்' என்று தொடங்கும் மெயிலைத் தானாக மூடும்படி எழுதச் சொன்னான். எழுதினேன். பாதிதான் மூடியது. பலர் முதல் வரியில் 'டியர் டீம்' போட்டு, இரண்டாவது வரியில்தான் நன்றி சொல்கிறார்கள்.

ஆகவே 'தொடக்கம்' என்றால் மெயிலின் தொடக்கம் மட்டும் இல்லை, ஒவ்வொரு வரியின் தொடக்கமும்தான் என்று சொல்லும் குறியைச் சேர்த்தேன். ஒரே ஓர் எழுத்து. நன்றி மெயில்களை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். மறுநாள் பட்டியல் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டது போல இருந்தது. ஹரீஷ் ரவா இட்லி வாங்கி வந்தான். "நோடி, பாருங்க சார், ஜனங்க எல்லாம் எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க! ஒரு புகாரும் இல்ல!"

ஸ்டெல்லாவின் மூன்று கடிதங்கள்

ஸ்டெல்லா பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்காரி. நாங்கள் பார்க்கும் ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை. சங்கம் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் மனு எழுதக் கற்றவள். மரியாதையாக எழுது, தேதி போடு, கடைசியில் தனி வரியில் 'தேங்கிங் யூ' போடு, அப்போதுதான் எவனும் குறை சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது என்று சொல்லிக் கொடுத்தவன் நான்.

அடித்தளத்துக் கழிவறையில் சுவிட்ச் பெட்டி மேல் தண்ணீர் ஒழுகுகிறது என்று மூன்று முறை மெயில் எழுதினாள். மூன்றிலும் கடைசி வரி 'தேங்கிங் யூ', அதுவும் 'தேங்க்' என்று தொடங்கும் வரிதான். வந்திருப்பது புதுப் புகாரா, பதிலா என்று பார்க்கும்படி நான் என் சூத்திரத்தில் எழுதவில்லை. மூன்று முறையும் சில நொடிகளில் 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது' என்று அவளுக்குப் போனது. அதே நாட்களில் வாய்க்கு வந்தபடி திட்டி எழுதியவர்களின் டிக்கெட் எல்லாம் பத்திரமாகத் திறந்தே இருந்தது.

ஷாக் அடித்ததில் அவள் வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. புகார் எதுவும் நிலுவையில் இல்லை, கவனக்குறைவாகத் தொட்டுவிட்டாள் என்று எழுதி, ஒப்பந்தக்காரர் அவளை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் எதுவும் கேட்காமலே அவளே சொன்னாள். "தீர்ந்துச்சுன்னு ரிப்ளை வந்துச்சேண்ணா. நீங்க இருக்கிற ஆபீஸாச்சேன்னு நம்பித்தான் சுவிட்சைப் போட்டேன்."

பெயர் படித்தது

விசாரணையில் கட்டட மேலாளர் கறாராகச் சொன்னார். புகார் வந்ததா, யார் மூடியது என்பது பெயரோடு பதிவாக வேண்டும். பதிவானால் ஸ்டெல்லா மேல் எழுதிய 'கவனக்குறைவு' அடிக்கப்படும், வேலையும் இருக்கும். பதிவேட்டை அச்செடுத்துக்கொண்டு நான் போனேன். வாசலில் ஹரீஷ் என் கையைப் பிடித்தான். "சிஸ்டம் எரர்னு சொல்லிடுங்க சார். சிஸ்டமை யாரும் வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்க."

மேஜைக்கு அந்தப் பக்கம் மேலாளரும் ஒப்பந்தக்காரரும். இந்தப் பக்கம் கையில் கட்டோடு ஸ்டெல்லா. சாட்சிக்கு அந்தக் கட்டடத்து வாட்ச்மேனும் எலெக்ட்ரீஷியனும் நின்றார்கள். வரிசையாகப் படித்தேன்: முதல் கடிதம், மூடிய நேரம், இரண்டாவது கடிதம், மூடிய நேரம், மூன்றாவது கடிதம், மூடிய நேரம். கடைசிக் கட்டத்தில் 'சூத்திரத்தை எழுதியவர்' என்று இருந்தது. அங்கே என் புள்ளியைப் போலவே நானும் நின்றேன்.

ஸ்டெல்லா பதிவேட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "பேரைப் படிங்கண்ணா. படிக்காம கூட்டம் கலையாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"தனராஜ்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன்.

இத்தனை வருடத்தில் நான் சாட்சிகள் முன்னால் படித்த பெயர்களில், எழுந்து நின்று மறுப்புச் சொல்லாத ஒரே ஆள் இவன்தான்.